கேட்கும் முன்பே எழுப்பிவிட்டார் பெருமாள்

என் அம்மா தூக்கத்திலேயே இறந்தார். மாரடைப்பு என்றார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. போன ஆடியில் எனக்கும் அதே வயது வந்தது. அந்த மாதமே, என் ரத்த அழுத்தமும் கொழுப்பும் மாத்திரைக்குக் கட்டுப்படாமல் ஏறி நிற்பதாக டாக்டர் சொன்னார்.

நான் தென்னூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வாயைக் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நெய், முட்டை, வடை எல்லாம் விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் டாக்டர், "வீட்டுக்குத் தெரியாம எதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். அவமானத்தில் அழுதேன். கோபமும் வந்தது. டாக்டர் மேல் இல்லை, ரங்கநாதர் மேல். "இன்னும் எதை விடணும்னு சொல்லு, விட்டுடறேன். மாசி மாசம் என் பொண்ணுக்குப் பிரசவம். அந்தப் புள்ளையை நான் பாக்கணும்" என்று தினமும் பூஜை அறையில் சண்டை போட்டேன். காலையில் எழுந்தால் தலைவலி. தைக்கும்போதே கண் சொருகும். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கணவருடன் ஸ்ரீரங்கம் போனேன். கூட்டம் சொல்லி மாளாது. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு ஓரிடத்தில் உட்கார வைத்தார்கள். தூணில் சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, லால்குடிக்காரராம்.

"உனக்கு மூச்சு நின்னு நின்னு வருதும்மா. குறட்டை விடுற, திடீர்னு சத்தமே இல்ல, அப்புறம் திணறி இழுக்குற. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான். எந்த மாத்திரையும் கேக்கல. டெஸ்ட் எடுத்தப்பதான் தெரிஞ்சுது."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலஞ்சு வருஷமாவே இருக்கு. குறட்டை விடுறேன்னு சொன்னா நீ மனசு கஷ்டப்படுவியேன்னுதான் சொல்லல. பொண்ணுகிட்டயும் வாயத் திறக்காதேன்னுட்டேன்."

என் மானத்தைக் காப்பாற்றிய லட்சணம் இது! ஆனால் திட்ட நேரமில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.

சன்னதிக்குள் போனேன். அந்த நீண்ட கரிய திருமேனி. கேட்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. நான் உள்ளே வரும் முன்பே பதில் வந்துவிட்டது, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாயால். பெருமாள் படுத்திருக்கிறார், தூங்குகிறார் என்றா இத்தனை வருடம் நினைத்தேன்? என் மூச்சு நின்ற ஒவ்வொரு முறையும் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. "நகருங்கம்மா, நகருங்க" என்று சொல்லும்வரை அழுதுகொண்டே நின்றேன்.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை. மூச்சு எத்தனை முறை நின்றது என்ற கணக்கைக் கேட்டு என் கணவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, உடம்பு பதறுகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது, கொழுப்பைச் சீராக்கும் ஈரலும் தடுமாறுகிறது, இதயத்துக்கு ஓய்வே இல்லை என்று டாக்டர் விளக்கினார். "உங்களைச் சந்தேகப்பட்டுட்டேம்மா" என்றார். என் அம்மாவும் பலமாகக் குறட்டை விடுவார். நாங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது காற்றைச் செலுத்தும் கருவியை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். தும்பிக்கை மாதிரி இருக்கிறது என்று கணவர் கேலி செய்வார். மாத்திரையையும் பத்தியத்தையும் விடவில்லை. தலைவலி போனது. அழுத்தம் இறங்கியது. கொழுப்பும் மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது. மாசியில் பேத்தி பிறந்தாள். நர்ஸ் முதலில் என் கையில்தான் கொடுத்தார்.

நம்பிக் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் பக்கத்தில் யாராவது மூச்சுத் திணறித் தூங்கினால், பெருமாள்தான் உங்களை அங்கே உட்கார வைத்திருக்கிறார். தயங்காமல் எழுப்பிச் சொல்லிவிடுங்கள்.