மூன்றாவது தபா வந்த பூ

பூவரச இலைப் பொட்டலத்தைப் பிரித்தால் ஈரத்தோடு ஒரு பச்சை வாடை வரும்; அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. திருத்தணியில் எங்கள் வீட்டில் எதை முடிவு செய்வதானாலும் "பூ கேக்கறது" வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்து முருகன் படத்துக்கு முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

நான் ஐந்தாவது முடித்த கோடையில், ஆறாவதுக்கு அனுப்பலாமா என்று நைனா பூ கேட்டார். கரும்புக் கொல்லைக்கு அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. அவருடைய அக்கா, என் அத்தை, எடுத்தாள். வெள்ளை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

"சரியா கலக்கல. இன்னொரு தபா போடு" என்றார் நைனா.

மறுபடியும் வெள்ளை.

"கை கழுவிகினு வந்தியாக்கா?" என்று கேட்டு, நைனா தானே கலக்கிப் போட்டார். மூன்றாவது தபா சிவப்பு வந்தது.

"ஆங், சாமியே சொல்லிட்டாரு!"

"அப்ப ரெண்டு தபா சொன்னது யாரு, பக்கத்து வூட்டு சாமியா?" என்றாள் அத்தை.

"அதெல்லாம் வெள்ளோட்டம்க்கா" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் போய் அந்தப் பொட்டலங்களைப் பொறுக்கிக்கொண்டேன்.

அதன்பிறகு கொல்லையிலிருந்து திரும்பியதும் கிணற்றடியில் உட்கார்ந்து, அதே மாதிரி இரண்டு பொட்டலம் மடித்து, கண்ணை மூடிக்கொண்டு நானே கலக்கி எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். சிவப்பு வந்தால் ஒரு சட்டியில் புளியங்கொட்டை, வெள்ளை வந்தால் இன்னொன்றில். முதலில் சிவப்பே வந்து வந்து அந்தச் சட்டி மட்டும் ஏறியது; சாமிக்கே என்னைப் படிக்கவைக்கப் பிடிக்கவில்லையோ என்று அழுதேன். ஆனாலும் விடவில்லை. மழைக்காலம் வருவதற்குள் இரண்டு சட்டியும் ஏறக்குறைய ஒரே மட்டம். முதலில் முந்திய அந்தச் சில கொட்டைகள் அத்தனை குவியலுக்குள் எங்கே போயின என்றே தெரியவில்லை.

"இன்னாடி பண்ணிகினு கீற?" என்றாள் அத்தை.

"எவ்ளோ கேட்டாலும் பாதிக்குப் பாதிதான் அத்தை வருது. சாமி ஒண்ணும் சொல்லல. நைனாவாண்ட நீயே சொல்லு."

அத்தை சட்டிகளைப் பார்த்தாள். "சொன்னா, அது நெஜமான்னு பூ கேப்பான்டி."

இப்போது அந்தக் கிணறும் அரளிச் செடியும் இல்லை. மலைக்கு வருகிறவர்கள் அங்கே கார் நிறுத்துகிறார்கள். பூவரசம் இலை கிடைக்காமல், போன மாதம் என் மகன் செய்தித்தாளில் மடித்துப் பூ கேட்டான், அவன் பெண்ணைச் சென்னைக்கு வேலைக்கு அனுப்பலாமா என்று. வெள்ளை வந்தது. "இன்னொரு தபா பாக்கலாம்" என்று கையை நீட்டினான். அந்த ஒரு வெள்ளையும் ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இரண்டு பொட்டலத்தையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.