குங்குமம் வைத்த மூட்டை

முத்தம்மாள் கேழ்வரகைக் கண்ணால் பார்த்து வாங்க மாட்டாள். வியாபாரி உள்ளங்கையில் வைத்து நீட்டுகிற மாதிரிச் சரக்கு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் என்பாள். மூட்டையின் நடுவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிடுவாள். முளை வந்தால் வாங்குவாள். வராவிட்டால் அது பழசு, அல்லது நனைந்து காய்ந்தது. அப்படிப்பட்ட தானியத்தில் மாவு செய்தால் கஞ்சி புளிக்கும், கைக்குழந்தையின் வயிறு கெடும்.

பூந்தமல்லியில் அவள் செய்து விற்றது தொட்டில் மார்க் கஞ்சி மாவு. புருஷன் திருவேங்கடம் காலராவில் போனபோது மகள் வடிவு மடியில் இருந்தாள், இவளுக்குப் பால் வற்றிவிட்டது. முளைகட்டிய கேழ்வரகை வறுத்து அரைத்துக் காய்ச்சிக் கொடுத்தே அந்தக் குழந்தையைத் தேற்றினாள். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். கொடுத்தாள், பிறகு விற்றாள். சில வருஷத்தில் மாவு இடிக்க நாலைந்து பெண்கள் வந்தார்கள். பட்டணத்தில் தொட்டில் படம் போட்ட கவர் அச்சடித்து வாங்கி, அம்பத்தூர், ஆவடிக் கடைகளுக்கும் அனுப்பினாள். நான் அந்தப் பக்கம் பிரசவம் பார்க்கிற நர்ஸ். பிள்ளை பெற்றவர்களிடம் நானே அந்த மாவைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மாவு நன்றாக இருந்தது, அதனால் சொன்னேன்.

வியாபாரம் பெருகியதும் மூட்டைக் கணக்கில் கேழ்வரகு தருகிற ஆளைத் தேடினாள். ஒருவர் விலையைக் குறைத்தார், இன்னொருவர் கடன் தருகிறேன் என்றார். பூந்தமல்லிக் கடைத்தெருவில் தானியக் கடை வைத்திருந்த ஹாஜா மொய்தீன் மட்டும், "இப்ப கீறது உங்களுக்கு ஆவாதும்மா. புதுச் சரக்கு வரட்டும்" என்றார்.

முத்தம்மாள் நம்பவில்லை. அவர் கடையிலேயே ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய் முடிந்து பார்த்தாள். அவர் சொன்னபடியே முளை வரவில்லை. திரும்பிப் போய்க் கேட்டாள்.

"இன்னா பாய், உன் சரக்க நீயே கொற சொல்றே?"

"கஞ்சி குடிக்கிற கொழந்த என்னாண்ட வந்து சண்ட போடாதும்மா. அதப் பெத்தவ வருவா. அவகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

அன்றிலிருந்து அவரிடமே வாங்கினாள். அவர் அனுப்பிய மூட்டைகளையும் முடிந்து பார்த்துத்தான் எடுத்தாள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

வடிவுக்குச் சிறுவயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பவில்லை. அந்த நேரத்தில் ஆவடியில் தானிய மண்டி வைத்திருந்த ஜம்புலிங்கம் தன் மகன் கங்காதரனுக்குக் கேட்டு வந்தார். யுத்தம் தொடங்கி, ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கி, அவர் வியாபாரம் கொழித்துக்கொண்டிருந்த சமயம். நகை, சீர் எதுவும் கேட்கவில்லை.

"இப்டி ஒரு எடம் தேடினாலும் கெடைக்குமா நர்ஸம்மா?" என்றாள் முத்தம்மாள்.

"பையன் எப்படி?"

"அவுங்கப்பா எதிர்ல வாயத் தொறக்க மாட்டான்."

"அது நல்லதா, கெட்டதா?"

"என் பொண்ணு மூஞ்சப் பத்திப் பேசமாட்டான் இல்ல? அது போதும்."

கல்யாணம் நடந்தது. மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஜம்புலிங்கம் வண்டி நிறையக் கேழ்வரகு மூட்டைகளோடு வந்து இறங்கினார். முதல் மூட்டைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே வெற்றிலை பாக்கு வைத்திருந்தது.

"இனிமே நீங்க கடகடையா அலையணுமா சம்மந்தியம்மா? நம்ம ஊட்டு சரக்கு. எடுத்துப் போடுங்க."

முத்தம்மாள் பழக்கதோஷத்தில் மூட்டை வாயைப் பிரிக்கப் போனாள். அவர் சிரித்தார்.

"இன்னா சம்மந்தி, எம் புள்ளயக் குத்திப் பாத்தா பொண்ணு குடுத்தீங்க? குங்குமம் வெச்ச மூட்டைல கை உட்றீங்களே!"

மாவு இடிக்கிற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு வண்டியிலும் முதல் மூட்டைக்குக் குங்குமம் இருந்தது. அவள் ஒரு மூட்டையையும் முடிந்து பார்க்கவில்லை.

ஹாஜா மொய்தீனிடம் போய்ச் சொன்னாள். "சம்மந்தி ஊட்டு சரக்குக்கு நான் போட்டி போட முடியுமா? நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் தன் கேழ்வரகை வேறொருவருக்கு ஒப்புக்கொண்டார்.

சம்பந்தி அனுப்பியதில் முதலில் வந்தது பரவாயில்லை. அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு வந்தவை ஏலத்தில் எடுத்த நனைந்த மூட்டைகள். மணல் வேறு கலந்திருந்தது. ஊறவைத்தால் பாதி முளைக்கவில்லை, மீதி நாறியது. இடிக்கிற எல்லம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத்த மாடு துன்னுமா?" என்று கேட்டாள். முத்தம்மாள் நாலு தண்ணீரில் கழுவினாள், மூன்று வெயிலில் காயவைத்தாள், வாசனை போக அதிகம் வறுத்தாள். அதுவும் அதே கவரில்தான் போயிற்று.

எனக்கு வயிற்றுப்போக்குக் குழந்தைகள் வரத் தொடங்கின. என்ன கொடுத்தாய் என்று கேட்டால் தொட்டில் மார்க் என்றார்கள். அவள் வீட்டுக்கே போனேன்.

"இந்த ராகியைத் திருப்பி அனுப்பிடு" என்றேன்.

"எத்த அனுப்பறது, நர்ஸம்மா? மூட்டைய அங்க அனுப்சா எம் பொண்ணு இங்க வந்துடுவா."

"அதுக்காக ஊர்க் குழந்தைக்கெல்லாம் பேதி ஆகணுமா?"

இன்னும் நன்றாகக் கழுவுகிறேன் என்றாள். கழுவினால் தீருகிற விஷயம் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

வடிவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாய்வீட்டில் பிரசவம் பார்த்ததும் நான்தான். குழந்தைக்கு ஏழாம் மாதத்தில் சளி கட்டி, ஆவடிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். போனேன். ஜம்புலிங்கத்தின் மனைவி பொன்னியம்மா அடுப்படியில் பேத்திக்குக் கேழ்வரகுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். நல்ல வாசனை. பக்கத்தில் முறத்தில் இருந்த ராகி ஒரு தூசி இல்லாமல் சிவப்பாக இருந்தது.

"உங்க மண்டிச் சரக்கா?" என்று கேட்டேன்.

"அய்ய, அத்தப் போயி கொழந்தைக்கு ஊத்துவாங்களா? இது பூந்தமல்லி பாய் கடைலருந்து வாங்கினு வந்தது. ஊட்டுக்கு வேற, கம்பெனிக்கு வேற."

ஒளித்துப் பேசவில்லை அந்த அம்மாள். உப்பு எந்த டப்பாவில், சர்க்கரை எந்த டப்பாவில் என்று சொல்வதுபோலச் சொன்னாள். வடிவு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை.

திரும்பும் வழியில் முத்தம்மாளிடம் அதை அப்படியே சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய் வண்டிக்காரனைக் கூப்பிட்டாள். இருந்த மூட்டைகளை எல்லாம் ஏற்றினாள். குங்குமம் வைத்ததை மேலே வைத்தாள்.

மறுநாள் அதே வண்டி திரும்பி வந்தது. வடிவு குழந்தையோடும் தகரப் பெட்டியோடும் உட்கார்ந்திருந்தாள்.

"நான் இன்னாம்மா செய்வேன்? ஏத்தச் சொன்னாங்க, ஏத்திகினு வந்தேன்" என்றான் வண்டிக்காரன்.

முத்தம்மாள் ஹாஜா மொய்தீனிடம் ஓடினாள். அதற்குள் யுத்தத்தால் தானியத்துக்குக் கண்ட்ரோல் வந்து, சர்க்கார் அளந்துதான் கொடுத்தது. அவருக்குக் கிடைத்ததே கொஞ்சம், அதுவும் வேறொருவருக்குப் பேச்சுக் கொடுத்தாகிவிட்டது. "பேச்சு மாறினா அப்புறம் நான் இன்னா வியாபாரிம்மா?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல இடமில்லை. முத்தம்மாளின் உலக்கைகள் சுவரில் சாய்ந்தன.

அவள் எதிர்பாராதது மகளின் பேச்சைத்தான். நான் இருக்கும்போதே வடிவு சொன்னாள்.

"அந்த ஊட்ல யாரும் என் மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த சொன்னதில்லம்மா. ரெண்டு வேள சோறு, பக்கத்துல புருஷன், எல்லாம் இருந்துது. நீ மாவப் பாத்த. என்னப் பாக்கல."

"ஊர்க் கொழந்தைங்களுக்கு..."

"ஊர்க் கொழந்தைங்களா எனக்கு மாப்ள பாத்துச்சி?"

சில வாரங்களில் கங்காதரன் வந்தான். அப்பா தானே கஞ்சி மாவுக் கம்பெனி போடுகிறார், வேலை தெரிந்த ஆள் வேண்டும், வடிவு வந்தால் கூட்டிக்கொண்டு வரச்சொன்னார் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். வடிவு உடனே பெட்டியைக் கட்டினாள். தாய் தடுக்கவில்லை. புறப்படும்போது வடிவு கேட்டது ஒன்றுதான்.

"மொளக்காத ராகிய இன்னாம்மா செய்யறது?"

"எனக்குத் தெரியாது. நான் கொட்டிடுவேன்."

"சரி, நான் வறுத்துக்கறேன்" என்று சொல்லி வண்டி ஏறினாள்.

ஊஞ்சல் மார்க் என்று பெயர் வைத்தார்கள். கவர் தூரத்திலிருந்து பார்த்தால் தொட்டில் மார்க் மாதிரியே இருக்கும், விலை குறைவு. எல்லம்மா முதல் இடிக்கிற பெண்கள் எல்லாரும் ஆவடிக்குப் போய்விட்டார்கள். முத்தம்மாள் வீடு வீடாகப் போய் நெல் குத்திக் கொடுத்துச் சாப்பிட்டாள்.

மறுபடியும் எனக்குப் பேதிக் குழந்தைகள் வந்தன. சானிடரி இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுப்போம், சரக்கைப் பற்றி உனக்குத் தெரிந்ததைச் சொல், கூட நான் வருகிறேன் என்று முத்தம்மாளைக் கூப்பிட்டேன். குத்திக்கொண்டிருந்த உலக்கையை அவள் நிறுத்தவில்லை.

"இன்ஸ்பெக்டர் வந்தா மாவுல யாரு கை கீதுன்னு பாப்பான். ஜம்புலிங்கம் கையா கீது? எம் பொண்ணு கைதானே. போங்க நர்ஸம்மா."

நான் போனேன், இன்ஸ்பெக்டரிடம் இல்லை. போகிற வீடுகளில் எல்லாம் அந்தப் பாக்கெட்டை வாங்காதே, நீயே முளைகட்டி அரைத்துக்கொள் என்று சொன்னேன். சிலர் கேட்டார்கள். பலர் விலை குறைவு என்று அதையே வாங்கினார்கள்.