யஹ்யா நானாவின் காலை நடை

மாத்தளை யஹ்யா நானாவுக்கு நான் எண்ணாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். கடனுக்கு வாங்கிய மிளகு. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் டவுனில் என் கடையை எரித்தார்கள். மிளகும் சாம்பலாயிற்று.

நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சாக்குத் தூக்கியே கடை போட்டவன். இன்றைக்கு மூன்று கடையும் ஒரு லொறியும் எனக்கு உண்டு. அப்படிப்பட்ட நான் அன்று பல்லேபொல கிராமத்து வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். சவரம் இல்லை, பேச்சு இல்லை. என் மனைவி ராசம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

ஊரடங்கு எடுத்த கிழமை, முதல் பஸ்ஸில் நானா வந்து இறங்கினார். கடன் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று ராசம்மா அழுதாள்.

"மாணிக்கம் மொதலாளி, எழும்புங்க. சல்லி விசயம் பேசோணும்."

"இங்கேயே பேசுங்க நானா."

"பொம்பளைங்க முன்னுக்குப் பேச ஏலாது. ரோட்டுக்கு வாங்க."

வெட்கத்தில் எழுந்தேன். வயலோரமாகக் குளக்கட்டு வரை நடந்தோம். அவர் ஏலக்காய் விலை பேசினார், மழை பேசினார், தன் மூலநோயைக்கூடப் பேசினார். பாதி வழியில் சிரித்துவிட்டேன். கடன் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

"அடடா, பஸ் வருது! சல்லி விசயம் நாளைக்கு" என்று ஓடினார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பஸ் காசும் அவர் காசு. கொஞ்ச நாளில் அவர் வருமுன்னே சவரம் செய்து காத்திருந்தேன். தோட்டத்து லயம் எரிந்ததிலிருந்து தூக்கமில்லாத ரபாயேல் எங்கள் நடையில் வந்து சேர்ந்தான். பிள்ளைகளெல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேறியதில் தனித்துப்போன சவரியம்மாவும் வந்தாள்.

தேத்தண்ணிக் கடையில் ஒருவன் கேட்டான்: "என்னா நானா, இத்தனை பேரும் ஒங்களுக்குக் கடனா?"

"ஓ, எல்லாம் கடன்காரங்க. நீங்களும் வாங்க. வட்டி இல்ல."

இப்போது மனநலத்துக்கு இலவச நடை என்று பேனர் கட்டி, தொப்பி கொடுத்து டவுனில் நடக்கிறார்கள். நல்லதுதான். அந்தச் சொல்லே தெரியாமல் நானா அதைச் செய்தார். எத்தனையோ பெரிய மனிதர்களோடு சரிக்குச் சரி பேசியவன் நான். அவரை நினைத்தால் மட்டும் என் வாய் அடங்கிவிடும்.

அந்த நடை நாட்களிலேயே, யார் தயவும் இல்லாமல் மறுபடி கடை போட்டேன். சல்லி சேர்ந்தது. அடுத்தவன் காசை ஓர் இரவு வைத்திருக்கத் தெரியாதவன் நான். ஆனால் கொடுத்துவிட்டால் நானா வரக் காரணம் ஏது? சவரியம்மா யாரோடு நடப்பாள்? மடியில் காசோடு சில காலைகள் கொடுக்காமலே நடந்தேன். பிறகு பொறுக்க முடியாமல் குளக்கட்டில் வைத்து நோட்டுக் கட்டை அவிழ்த்தேன்.

"நானா, ஒங்க சல்லி."

சவரியம்மா நின்றுவிட்டாள். "அப்ப நாளைக்கு வரமாட்டீங்களா நானா?"

நானா அவளைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார்.

"எல்லாம் நூறு நோட்டு. இவ்வளவையும் ஒரே நாள்ல எண்ண எனக்குக் கண் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு நோட்டா தாங்க, போதும். நிக்காதீங்க, நடங்க."

நடந்துகொண்டே உள்ளங்கையை விரித்து நீட்டினார். முதல் நோட்டை அதில் வைத்து, "ஒண்ணு" என்றேன்.