அடுத்த அப்டேட்டில் வந்துவிடும்

கார் கைக்கு வந்த அன்று ஷோரூமில் கேக் வெட்டச் சொன்னார்கள். இனிப்பு சாப்பிடக் கூடாத என் கணவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் திரும்பி நின்றார். வெளிநாட்டுக் கம்பெனியின் மின்சாரக் கார். எங்கள் தகுதிக்குக் கொஞ்சம் அதிகம்தான். மோட்டார் பம்பு உதிரி வார்க்கும் பட்டறையைத் தம்பி மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த வருடம் அது. "இத்தன வருசம் பட்டறைச் சத்தத்துலயே காலம் போச்சு. இனி சத்தமில்லாத வண்டில போலாம் அம்மிணி" என்றார்.

விற்பனை செய்த பையன் உள்ளே உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசியில் அந்தப் பெரிய திரையைத் தொட்டு, "உங்க போன்ல இருக்கற மேப்பு, பாட்டு எல்லாமே இதுல அப்படியே வந்துருமுங்க சார். மெசேஜ் வந்தா வண்டியே படிச்சுச் சொல்லீருமுங்க" என்றான்.

"இப்ப வரலீங்களே?"

"அடுத்த அப்டேட்ல வந்துருமுங்க சார்."

அடுத்த அப்டேட் வந்தது. கதவோரம் எரியும் விளக்குக்குப் புதுப்புது நிறங்கள் கிடைத்தன. அதற்கடுத்ததில், வண்டி நிற்கும்போது திரையில் விறகு எரிகிற மாதிரி ஒரு படம் ஓடியது, குளிர்காய்வதற்காம். பங்குனி வெயிலில் சரவணம்பட்டி சிக்னலில் அதைப் பார்த்து இருவரும் சிரித்தோம். அதற்கப்புறம் வந்தவற்றுக்குச் சிரிக்கவில்லை. போன் மட்டும் திரையில் வரவேயில்லை. எதிர்வீட்டுக்காரர் வாங்கிய சின்ன பெட்ரோல் காரில் அந்த வசதி முதல் நாளே இருந்தது. இவர் அதை ஒருமுறை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

காலையில் காபியை எடுத்துக்கொண்டு போர்டிகோவில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று திரையைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். பிறகு ஷோரூமுக்குப் போன். அந்தப் பையன் வேலை மாறிப் போய்விட்டான். புதிதாக வந்தவன் அவனைவிட மரியாதையாக அதையே சொன்னான். எனக்கு அந்தப் பேச்சே அலுத்துவிட்டது. ஒரு வண்டி ஓடுகிறது, நிற்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அலுப்புக்கு வேறு காரணமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சத்தியமங்கலம் போய்வந்துகொண்டிருந்தோம். இவருடைய அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். வாரம் முழுக்கச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு அன்று ஒருநாள்தான் விடுப்பு. அக்காவைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி முடிக்கும்போது எனக்கே இடுப்பு விட்டுப்போகும். இவர் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் அவருக்கு முடியும். திரும்பும் வழியில் புளியம்பட்டி தாண்டுவதற்குள் நான் தூங்கிவிடுவேன்.

போகும் வழியில்தான் எங்கள் மகளின் குரல் பதிவுகள் வரும். மெல்போர்னில் இருக்கிறாள். வேறு சாதியில், தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். நான் போனேன், இவர் போகவில்லை. அன்றிலிருந்து இவருக்கு அவளோடு பேச்சில்லை. வீட்டில் அவள் வீடியோவில் வந்தால் இவர் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். "அவ பேச்சு எங்கிட்ட வேண்டாம்" என்று ஒருமுறை சொன்னார், நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அழைப்பு எடுக்க மட்டும் காரோடு இணைந்திருந்தது இவருடைய போன்தான். ஆகவே என் போனில் பதிவு வந்தால் காதோடு அழுத்தி வைத்துக் கேட்டுக்கொள்வேன். இவர் சாலையைப் பார்த்தபடி ஓட்டுவார்.

ஒருநாள் வண்டியைப் பராமரிப்புக்கு விட்டிருந்தோம். கண்ணாடி அறையில் நான் உட்கார்ந்திருக்க, இவர் வெளியே சர்வீஸ் ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ஏனுங்க தம்பி, அது வந்துருச்சுன்னா எம் போனுதான் மாட்டோணுமா? ஊட்டுக்காரம்மா போன மாட்டலாமுங்களா?"

"தாராளமா மாட்டலாமுங்க சார்."

"அவீகளுக்கு வர்ற மெசேஜையும் சத்தமாப் படிக்குமா? வண்டில இருக்கறவீக எல்லாருக்கும் கேக்குமா?"

"கேக்குமுங்க சார்."

"நாம எதும் அமுக்க வேண்டாமுங்களே? தானாவே படிச்சுப்போடுமா?"

கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அதைக் கீழே வைத்தேன். இந்த மனிதர் இத்தனை மாதமும் மேப்புக்கும் பாட்டுக்குமா ஏங்கிக்கொண்டிருந்தார்? உள்ளே வந்து, "இன்னும் ஒரு மணி நேரமாகுமாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பட்டறையைக் கட்டி ஆண்டவர், பெற்ற பெண்ணின் குரலைக் கேட்க ஒரு கம்பெனியின் தயவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயத்தில் ஒருவழியாக அந்த அப்டேட் வந்தது. அந்த ஞாயிறு கிளம்பும்போது, "உம் போனக் குடு அம்மிணி, அதையே மாட்டிப் பாக்கலாம். எம் போன்ல சார்ஜ் கம்மி" என்றார். காலையில் அவர் போனைச் சார்ஜரிலிருந்து கழற்றி வைத்தவளே நான்தான். எடுத்துக் கொடுத்தேன்.

கோவில்பாளையம் தாண்டியதும் மகளிடமிருந்து குரல் பதிவு வந்தது. வண்டி, குரல் பதிவு வந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு அடங்கிவிட்டது. அதைப் போட்டுக் காட்டுகிற வசதி அதற்கு இல்லை போலிருக்கிறது. இவர் ஸ்டியரிங்கில் விரலைத் தட்டிக்கொண்டு வந்தார். முகம் வாடிவிட்டது. போட்டுவிடலாமா என்று என் கை போன் வரைக்கும் போனது. போட்டால் மறுபடி கோபித்துக்கொள்வாரோ என்றும் இருந்தது.

அன்னூர் நெருங்கும்போது எழுத்தாக ஒன்று வந்தது. மகள் எப்போதும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பாள். வண்டி அதை ஒரு வெள்ளைக்காரப் பெண் குரலில் படித்தது. "அம்மா சாப்-டீங்-லா. அப்-பா எப்-டி இரு-கரு. சுகர் செக் பண்-நாரா."

இவர் வண்டியை ஓரங்கட்டினார். வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"புள்ள இப்பிடித்தான் கேக்குமா?"

"எப்பவுமே கேக்கறாளுங்க. நீங்கதான் அவ பேச்ச எடுக்க வேண்டாம்னீங்க."

பதில் அனுப்பட்டுமா என்று வண்டி கேட்டது. இவர் திரையைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெதுவாக, "நல்லாத்தான் இருக்கறேன்னு சொல்லு" என்றார். அது தனக்குப் புரிந்த வரையில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. அதில் 'நைலான்' என்று ஒரு வார்த்தை இருந்தது, மற்றவை எதிலும் சேராதவை.

"அட, இது வேண்டாம் உடு, உடு" என்று கையை ஆட்டினார். அதற்கு அது எப்படிக் கேட்டதோ, அனுப்பிவிட்டது.

வண்டி மறுபடி நகர்வதற்குள் அழைப்பு வந்தது. மகள்தான். மணியோசை கார் முழுக்க அடித்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் எடுக்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் திரையைத் தொட்டேன்.

"அம்மா! என்னமோ நைலான்னு அனுப்பியிருக்கீங்க? என்னாச்சும்மா? அப்பாவுக்கு ஏதாவதா?"

அவர்தான் பேசினார்.

"ஒண்ணுமில்ல கண்ணு. வண்டிதான் தப்பாக் கேட்டுப்போட்டுது. அத்தையப் பாக்கப் போய்ட்டிருக்கறோம்."

அவள், "மழைங்களாப்பா அங்க?" என்றாள்.

"நல்ல மழை. அங்க எப்பிடி?"

"இங்க வெயிலுங்கப்பா."

அவ்வளவுதான். சமையல் என்ன என்று அவள் கேட்டாள், இன்னும் ஆகவில்லை என்றேன். கூப்பிடுகிறேன் என்று வைத்தாள். மாப்பிள்ளையைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்று வரைக்கும் பேசவில்லை. அவளாக அழைத்தால் இவர் பேசுகிறார், இவராக அழைப்பதில்லை. ஒரே வார்த்தையில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற வயதை நானும் தாண்டிவிட்டேன்.

அன்று சத்தியமங்கலம் போய்ச் சேரும்போது நேரமாகிவிட்டது. பார்த்துக்கொள்ளும் அம்மா குடையோடு வாசலில் காத்திருந்தார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காவைப் புரட்டப் போனேன். இவர் வழக்கம்போல நாற்காலியில் உட்காராமல், கட்டிலின் அந்தப் பக்கம் வந்து நின்று, "சொல்லு, எங்க புடிக்கோணும்?" என்றார்.