முகம் சுளிக்காத மூக்குக்காரர்

எங்க அண்ணனுக்கு ஒயின் கடையில பேரே மூக்குக்காரர்தான். பெட்டி தூக்குற ஆளா உள்ளே போனவன், எந்த பாட்டில் தேறும், எது தேறாதுன்னு மோந்தே சொல்ற அளவுக்கு வந்துட்டான். அவன் தலையாட்டினாத்தான் முதலாளியம்மா சரக்கு எடுப்பாங்க. அதே கடையில பில் போடுறவ நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால ருசி பார்க்கிற நாளைத் தவிர கல்லாவைத் தாண்டி விடமாட்டாங்க. அன்னைக்கு மட்டும் கிளாஸ் கழுவி ஊத்தித் தர்றது என் வேலை.

போன குளிர்காலத்துல அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. போகும்போது மூக்கையும் சேர்த்துக் கொண்டு போயிடுச்சு. எப்படித் தெரிஞ்சுதுன்னா, அடுப்புல பால் பொங்கித் தீய்ஞ்சு, வாடை தாங்காம மாடியில இருந்த அண்ணி கத்திக்கிட்டே இறங்கி வர்றா. இந்த மனுஷன் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான்!

"வாசனை திரும்ப வரலாம், வராமலும் போகலாம்"னார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர்! "முதலாளியம்மாகிட்ட சொல்லிடுண்ணா"ன்னேன். "மூக்கில்லாத மூக்குக்காரனை வெச்சு அவங்க என்ன பண்ணுவாங்க? இந்த வயசுல மறுபடி பெட்டி தூக்கவா?"ன்னான். எனக்கு ஆத்திரமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. கடைசியில முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க நானும் கூட்டு. ஊத்தும்போது முதல்ல நான் மோந்துக்குவேன். நல்லா இருந்தா கம்மலைத் தொடுவேன், இல்லேன்னா சும்மா நிப்பேன். மிச்சத்தை அவன் பழைய ஞாபகத்துல அளந்து விடுவான்.

ஒருநாள் ருசி பார்க்க வந்தது பிரான்ஸ்ல இருந்து ஒரு சிவப்பு ஒயின். ஒரு புருஷன் பொண்டாட்டி, சின்னத் தோட்டத்துல மருந்தடிக்காம, எதுவும் கலக்காம பண்ணினது. கையைக் கடிக்காத விலை. முதலாளியம்மாவுக்கு ஒரே ஆசை. நான் கிளாஸ் துடைச்சுக்கிட்டு இருக்கும்போதே அவங்களே திறந்து, அவங்களே ஊத்தி, முதல் கிளாஸை அண்ணன் கையில கொடுத்துட்டாங்க. நான் முதல்ல மோந்து பார்க்க வழியே இல்ல.

அவன் மூக்கைக் கிளாஸுக்குள்ள விட்டு சந்தோஷமா இழுத்தான்.

"செர்ரி. நல்லா பழுத்த செர்ரி. பின்னாடி லேசா மிளகு."

முதலாளியம்மா தன் கிளாஸை மோந்துட்டு அவனை ஒரு மாதிரியா பார்த்தாங்க. அப்பதான் அந்த வாடை என் பக்கம் வந்துச்சு. ஐயோ, குதிரை லாயம்! இந்த மாதிரி ஒயின் சிலது திறந்ததும் நாறும், ஆட்டி வெச்சா சரியாயிடும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். மூக்கு இருக்கிறவன் முதல்ல முகத்தைச் சுளிச்சிருப்பான். பாவி, சுளிக்க மறந்துட்டான்.

அவங்க இன்னொரு கிளாஸை என்கிட்ட நீட்டினாங்க. "நீ சொல்லும்மா. என்ன வருது?"

செர்ரின்னா அது பொய், அவங்களுக்கே தெரியும். லாயம்னா என் கையாலயே அண்ணன் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி. அத்தனை நீளமான என் வாய் அப்போ திறக்கவே இல்ல.

அண்ணன் என்னைப் பார்த்தான். கம்மல் பக்கம் என் கை போகலைன்னு அவனுக்குப் புரிஞ்சுடுச்சு.

"சொல்லுடி. உள்ளதைச் சொல்லு."

"குதிரை லாயம் மாதிரி நாறுதுண்ணா."

அவன் முகத்துல ஈயாடல. முதலாளியம்மா பக்கம் திரும்பினான். "காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியலம்மா. இவளைத் திட்டாதீங்க, நான்தான் கெஞ்சினேன்."

அப்புறம் என்கிட்ட, "கிளாஸை ஆட்டு. விடாம ஆட்டு"ன்னான்.

கை வலிக்க ஆட்டினேன். நாத்தம் கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு.

"இப்போ?"

"செர்ரி வருதுண்ணா."

"பழுத்ததுதானே?"

"இல்ல. புளிப்பா, காம்போட கடிச்ச மாதிரி."

"மிளகு?"

"இல்லவே இல்ல."

"இல்லையா"ன்னான்.

"இதை எடுத்துக்கலாம்"னாங்க முதலாளியம்மா. அவன் முன்னாடி இருந்த பாட்டிலையும் ருசி பார்த்துத் துப்புற வாளியையும் நகர்த்தி என் முன்னாடி வெச்சாங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அந்த வாளியைத் தூக்கி எறியலாம் போல இருந்துச்சு எனக்கு.

இத்தனை வருஷத்துல கடையில ஒரு சொட்டு முழுங்கினவன் இல்ல அவன். வாயில வெச்சுச் சுழட்டித் துப்பிடுவான். அன்னைக்கு கிளாஸ்ல இருந்ததை ஒரே மடக்குல குடிச்சான்.

"துப்பலியாண்ணா?"

"வேலையில இருக்கிறவங்கதான்டி துப்பணும்"னான்.