நிறுத்தாமல் வந்த பஸ்

கல்யாணமாகி காஜா பெராங்குக்கு வந்த புதிதில் என் கணவரை நான் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தேன். மாலையில் வேலை முடிந்து வருவார், குளிப்பார், அடுப்படி வாசலில் பலகையைப் போட்டு உட்காருவார். உட்கார்ந்ததும் தன்னையே விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

அவர் டவுன் பஸ் ஓட்டினார். பண்டார் ஹிலிரிலிருந்து தெங்கேரா வழியாகச் சுற்றி எங்கள் பக்கம் வரும் வண்டி. மலாய் நாடு சுதந்திரம் வாங்கப்போகிறது என்று கோப்பிக் கடைகளில் ஓயாத பேச்சாக இருந்த காலம் அது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். அவர் காலையில் வண்டி எடுத்ததிலிருந்து சொல்லிக்கொண்டு வருவார். எந்த வளைவில் பிரேக்கை அழுத்திப் போட்டார், யாருடைய கூடை உருண்டது, யாரிடம் முகத்தைக் காட்டினார் என்று. எது சாலையின் குற்றம், எது தன் குற்றம் என்று அவரே பிரிப்பார். தன்னுடையது என்று பட்டால் மறுநாள் அந்த ஆளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடுவார். யாருமே கேட்காதபோது எதற்கு இந்த விசாரணை என்று ஒருநாள் கேட்டேன். ஸ்டியரிங் என் கையில்தானே இருக்கிறது என்றார்.

ஒரு மழை நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தவர், செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பின் முனையில் ஒரு பெண் கைகாட்டியதாகவும், பஸ் நிறைந்துவிட்டதால் நிறுத்தவில்லை என்றும் சொன்னார்.

"நெறயல புள்ள," என்று அவரே திருத்தினார். "என் பக்கத்துலயே ரெண்டு பேரு நிக்கலாம். சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னு நான்தான் மிதிச்சிட்டேன்."

அடுத்த வண்டியில் ஏறியிருப்பாள் என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் கொடியில் கிடந்த ஈரக் காக்கிச் சட்டையை எடுத்து மறுபடியும் மாட்டினார்.

"ஏங்க, காஞ்ச சட்டை இருக்குங்க."

"வேலையில செஞ்ச தப்பு. வேலைச் சட்டையோடதான் போவணும். நீயும் வா."

மழை தூறலாகிவிட்டிருந்தது. சைக்கிள் பின்னால் ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழையில் கைகாட்டிய பெண் யாரென்று முனையிலிருந்த கோப்பிக் கடையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் செட்டி மக்களுக்குச் சாமி நம் சாமி, பேச்சு மலாய். பூப்போட்ட கெபாயாச் சட்டை அணிந்த ஒரு பெண் வாசலுக்கு வந்தார். உள்ளே அவர் கணவர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். என்னவர் நின்றபடியே மலாயில் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

அந்த அம்மா தம் கணவரைப் பார்த்தார், கணவர் இவரைப் பார்த்தார். இருவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விஷயம் இதுதான்: அந்த அம்மா பஸ்ஸுக்கு நிற்கவேயில்லை. வீட்டிலிருந்த ஒரே குடை கணவரிடம். கணவரோ எதிர்க் கோப்பிக் கடையில். அவரைத்தான் கைகாட்டிக் கூப்பிட்டிருக்கிறார். நடுவில் எங்கள் பஸ் வந்து மறைத்துவிட்டது.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. போகலாம் என்று என்னவர் சட்டையை இழுத்தேன். அவர் நகரவில்லை. அன்று மலாயில் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"நீங்க பஸ்ஸுக்கு நிக்கலங்கிறது இப்பதான் எனக்குத் தெரியும். அப்பத் தெரியாது. பஸ்ஸுக்கு நிக்கிறவங்கன்னு நெனச்சிக்கிட்டேதான் விட்டுட்டு வந்தேன். அதுக்குத்தான் மன்னிச்சிருங்க."

அந்த அம்மா சிரிப்பை நிறுத்தினார். உள்ளே போய் ஒரு தட்டு நிறையக் கூவே பலகாரமும் கோப்பியும் கொண்டுவந்தார். பிறகு தம் கணவர் பக்கம் திரும்பி, முன்பின் தெரியாத இந்த மனிதர் மழையில் வந்து நிற்கிறார், நீங்கள் சாலையைத் தாண்டி வரவில்லையே என்று பிடித்துக்கொண்டார். பாவம், என்னவர்தான் அவருக்காக வாதாட வேண்டியதாயிற்று. பஸ் மறைத்தால் எப்படித் தெரியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோப்பியை ஊதிக்கொண்டே நான் சிரித்துத் தீர்த்தேன். இவரைக் கட்டிக்கொண்டது நல்லதாகப் போயிற்று என்று முதன்முதலாக எனக்குத் தோன்றியது அந்த வீட்டில்தான்.

அந்த அம்மா எனக்குத் தோழியானார். தம் கெபாயாவை என்னிடமே தைக்கக் கொடுத்தார். நான் வீட்டில் தையல் வேலை செய்துவந்தேன். போகப் போக நானும் அடுப்படியில் வாயைத் திறந்தேன். இன்றைக்கு அவசரத்தில் ஒரு கொக்கியைத் தளர்வாக வைத்துவிட்டேன், நாளைக்குப் பிரித்து வைக்க வேண்டும் என்பேன். ஒருவரை ஒருவர் தேற்றக் கூடாது என்பது எங்களுக்குள் ஏற்பாடு. கேலி செய்யலாம். சில நாள் சோறு ஆறிப்போகும் வரை சிரிப்போம்.

சுதந்திரம் வந்த அன்று பஸ்ஸில் கொடி கட்டி ஓட்டினார். பண்டார் ஹிலிரில் அத்தனை கூட்டம். வழக்கம்போல வந்து குளித்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார், முகம் கொள்ளாத சிரிப்போடு.

"இன்னிக்கு வழி நெடுக ஹாரன் அடிச்சேன். தேவையே இல்ல. யாரும் குறுக்க வரல."

யார் மேல் குற்றம் என்று கேட்டேன்.

"என் மேலதான்," என்றார். "ஆனா நாளைக்கும் கொஞ்சம் அடிப்பேன்."