முகம் பார்த்துச் சவர்க்காரம் விற்றவர்

இரத்தோட்டைச் சந்தையில் கையால் செய்த சவர்க்காரமும் மூலிகைத் தைலமும் விற்ற அந்த அக்கா, விலையோ குணமோ சொல்லவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் வீடு துடைக்கும் எலுமிச்சம்புல் எண்ணெய் கேட்டார். போத்தலைத் திறந்து நீட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவர் முகத்தையே பார்த்தார் அக்கா. பிறகு என் முறை வந்தது. கறுவா இலைச் சவர்க்காரத்தை என் மூக்கருகே நீட்டினார்.

கறுவா மணத்துக்கு அடியில், காறிப்போன தேங்காயெண்ணெய் வாடை லேசாக அடித்தது. மனம் நோகக் கூடாதென்று, "நல்ல வாசம்" என்றேன்.

அவர் அந்தச் சவர்க்காரம் அடுக்கியிருந்த தட்டையே எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டார்.

"ஏன்க்கா? நல்லாருக்குன்னுதானே சொன்னேன்."

"வாய்தான் சொல்லிச்சு தங்கச்சி. மூச்ச நிப்பாட்டிட்டீங்களே." தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "ஒரு காய்ச்சல் வந்ததுல இருந்து எனக்கு எந்த வாசமும் தெரியாது. நீங்க சொன்னத நம்பியிருந்தா, இன்னைக்கு முழுத் தட்டையும் வித்திருப்பேன். அடுத்த சந்தைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்ததாகக் கராம்புச் சவர்க்காரத்தை நீட்டினார். இந்த முறை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆழமாக முகர்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், என் முகத்தைப் பார்த்தே அவர் அதை எனக்காகக் காகிதத்தில் சுற்றத் தொடங்கியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், அக்கா அப்படி எதைக் கண்டார் என்று அந்தச் சவர்க்காரத்தை முகர்ந்துகொண்டே நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். இன்னொரு தடவையும் முகர்ந்தேன். எப்போதும் இருக்கிற என் முகந்தான் தெரிந்தது.